கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்: நான்கு நாள் கார்ப் பயணத்துக்கு ஒரு திட்டம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதிவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வரைபடத்தில் இது ஒரு காலைப் பொழுதுக்கான தூரம் போலத் தெரியும். இலங்கையின் சாதாரண வீதிகளில் காருக்கான வேக எல்லை ஊர்மனைகளுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. வழியெங்கும் ஊர்கள், பாடசாலைகள், சந்திகள், வேகம் அளக்கும் பொலிஸார். எவ்வளவு திறமையான சாரதியாக இருந்தாலும் சராசரி 50 ஐத் தாண்டுவது அரிது. ஆகவே ஓட்டம் மட்டும் எட்டு மணித்தியாலம். காலைச் சாப்பாடு, தேநீர், முறிகண்டிக் கோயில் என்று நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்து. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டால் மீதித் திட்டம் தானாக ஒழுங்குக்கு வரும்.

இந்தப் பயணத்தில் சாரதியின் விருப்பத்துக்கு வளையாத நேரங்கள் மூன்று. முதலாவது பகல் வெளிச்சம்: இருட்டினால் வீதியில் யானையும் மாடும் வரும். இரண்டாவது படகு: குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு யாருக்காகவும் காத்திராது. மூன்றாவது கோயில்: பூசை முடிந்து நடை சாத்தினால் திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். இம்மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றின் இடைவெளிகளில் பொருத்துவதே நல்ல திட்டம்.

எந்த மாதம்

வடக்குக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் மழையில் நவம்பர் கடுமையானது. அப்போது வன்னியின் குளங்கள் நிரம்பி வான்பாயும். தாழ்ந்த இடங்களில் வீதிக்கு மேலாகத் தண்ணீர் ஓடுவதும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் தணிந்திருக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும், கடலேரிகளில் வலசைப் பறவைகள் நிற்கும். முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே உகந்த காலம். ஜனவரி நடுவில் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க ஊரே திரளும்.

மே முதல் செப்டெம்பர் வரை வரட்சி. சோளகக் காற்று வீசுவதால் வெயில் ஓரளவு தாங்கும். ஆனால் அதே காற்றில் தீவுகளுக்கிடையிலான கடல் கொந்தளிக்கும், படகுப் பயணம் சிரமமாகும். இந்தக் குறைக்கு ஈடாகக் கிடைப்பவை இரண்டு: கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமும் நல்லூர்த் திருவிழாவும். ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவின்போது கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை. தங்குமிட அறைகள் பல வாரங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். திருவிழாவுக்காகவே போகிறவர்கள் முன்கூட்டியே அறை பிடிக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

வழியிலுள்ள ஊர்களின் நாட்காட்டியையும் பார்த்துவிட வேண்டும். ஜூன் மாதப் பொசன் பௌர்ணமிக்கு அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் நாடெங்கிலுமிருந்து அடியார்கள் வருவார்கள். வழிநெடுக அன்னதானப் பந்தல்கள் இருக்கும். வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழாவை ஒட்டி மதவாச்சி–மன்னார் வீதியும் அப்படித்தான். பௌர்ணமி விடுமுறை வெள்ளி அல்லது திங்களில் வந்தால் கொழும்பே வெளியூருக்குக் கிளம்பும்; கிளம்பியவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் திரும்புவார்கள்.

எந்த வழி

போகும்போது கொழும்பிலிருந்து வவுனியா வரைக்கும்தான் வழியைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. பெரும்பாலோர் எடுப்பது குருணாகல் வழி. கண்டி வீதியில் பஸ்யால வரை போய், மீரிகமவில் மத்திய அதிவேக வீதியில் ஏறினால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பகுதி குருணாகல் வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து பாதெனிய, கல்கமுவ, தம்புத்தேகம, அநுராதபுரம். பிறகு ரம்பாவையில் ஏ9 வீதியில் சேர்ந்து மதவாச்சி, வவுனியா.

இரண்டாவது வழி கரையோரமாக நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று போய், அங்கிருந்து நொச்சியாகம ஊடாக அநுராதபுரத்துக்குத் திரும்புவது. கட்டுநாயக்கவுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது வசதி. மூன்றாவது, குருணாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போய் அங்கே ஏ9 இல் ஏறுவது. தம்புள்ளைக் குகைக்கோயிலையோ சிகிரியாவையோ சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்; அப்போது வழியில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.

வரைபடச் செயலி சில வேளைகளில் புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டை ஊடறுத்து நேரே மன்னாருக்கு ஒரு கோடு காட்டும். தேசிய வனத்துக்குள் செல்லும் அந்தப் பழைய தடம் நெடுநாள் வழக்குக்கு உட்பட்டது. மழைக்காலத்தில் கலா ஓயாப் பக்கம் வெள்ளத்தில் மூழ்குவது. அதைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுவதன் பயன் கொழும்பு நெரிசலைத் தவிர்ப்பது மட்டுமன்று. கல்கமுவ, நொச்சியாகமப் பகுதிகளில் யானைகள் வீதியைக் கடப்பது பெரும்பாலும் அந்தியிலும் விடியுமுன்னும்தான். நான்குக்குப் புறப்பட்ட கார் அங்கே போய்ச் சேரும்போது நன்றாக விடிந்திருக்கும். யானை நிற்பதைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹோர்ன் அடிப்பதும், இறங்கிப் படம் எடுப்பதும், பழம் நீட்டுவதும் கூடாது.

வண்டியும் காகிதங்களும்

போகவர 800 கிலோமீற்றர், குடாநாட்டுக்குள் சுற்ற 250 என்று வைத்தால் மொத்தம் 1,050. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 70 லீற்றர் குடிக்கும். சிறிய கார்களின் தாங்கி பெரும்பாலும் 35 முதல் 45 லீற்றர் பிடிக்கும் என்பதால் இடையில் ஒன்றிரண்டு முறை நிரப்ப வேண்டும். போகும்போது வவுனியாவிலும், திரும்புமுன் யாழ்ப்பாணத்திலும் நிரப்புவது வழக்கம். கிளிநொச்சியிலும் நிரப்பலாம், ஆனால் வவுனியாவுக்கு வடக்கே காட்டுப்பகுதி நீளும் இடங்களில் நிரப்பு நிலையங்கள் நெருக்கமாக இல்லை. தீவுப் பகுதிக்குப் போகும் நாளில் நகரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வடக்கின் வெயில் பழைய டயரையும் பழைய பற்றரியையும் முதலில் சோதிக்கும். டயர்க் காற்று, ரேடியேற்றர் தண்ணீர், பிரேக், ஏசி, மழைக்காலமாயின் வைப்பர் ஆகியவற்றைக் கராஜில் ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டால், ஏதாவது மாற்ற வேண்டியிருந்தாலும் அவகாசம் இருக்கும். மேலதிக டயருக்குக் காற்று இருக்கிறதா, ஜாக் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் புறப்படுகிறவர்களே அதிகம்.

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தப் பிரதியும். பொலிஸ் அவசர எண் 119. இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் எண் 1990. அது வடமாகாணத்திலும் இயங்குகிறது. எட்டு மணித்தியால ஓட்டத்துக்கு இரண்டு சாரதிகள் இருப்பது நல்லது. ஒருவர்தான் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கிக் காலாற நடக்க வேண்டும்.

ஏ9 வீதியில்

ஏ9 என்பது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான 321 கிலோமீற்றர் வீதி. யாழ்ப்பாணத்தார் இதைக் கண்டி வீதி என்பர். போர்க்காலத்தில் இது நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பிறகே தொடர்ச்சியான பாதையாயிற்று. ஓமந்தையிலும் முகமாலையிலும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்த நினைவு பலருக்கு இன்னும் உண்டு. இன்று அந்த இடங்களைக் கார் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது.

வவுனியாவில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு நல்ல கடைகள் கிளிநொச்சியில்தான். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று வீதி நேராகவும் வழவழப்பாகவும் போகும். இங்கேதான் சாரதியின் கால் தன்னையறியாமல் அழுத்தும். பொலிஸார் காத்திருப்பதும் இங்கேதான். மாடுகள் வீதியில் படுத்திருக்கும், மயில்கள் குறுக்கே தாழப் பறக்கும்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயில். இவ்வழியே போகும் வாகனங்கள் நிற்பது நெடுநாள் மரபு. இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, சில்லறை போட்டு, திருநீறு பூசி, எதிரே சுடச்சுட வறுக்கும் கச்சானை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தமிழகத்து வாசகருக்கு: இங்கே கச்சான் என்றால் நிலக்கடலை. முறிகண்டிக் கச்சான் இல்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பினேன் என்று யாரும் சொல்வதில்லை.

கிளிநொச்சிக்குக் கிழக்கே இரணைமடுக் குளம்; சற்று விலகிப் போனால் பார்க்கலாம். பரந்தனைத் தாண்டியதும் காடு விலகி, இருபுறமும் கடலேரி தெரியும். அது ஆனையிறவு, குடாநாட்டின் வாசல். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் பெருஞ்சமர்களால் இப்பெயர் உலகறிந்தது. அதற்கு முன்பே உப்பளத்தால் நாடறிந்தது. இங்கே நின்று பார்ப்பவர்கள் வீதியோரத்தை விட்டு வெறுந்தரையில் இறங்கித் திரியக் கூடாது. பளைக்கு அடுத்து வரும் முகமாலை, நாட்டிலேயே கண்ணிவெடிகள் அதிகமாகப் புதைக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே இருந்தாலும் அதற்கு அப்பால் போகக் கூடாது.

பிறகு கொடிகாமம், சாவகச்சேரி என்று தென்மராட்சியின் தென்னையும் பனையும் வரும். நாவற்குழி, செம்மணி தாண்டினால் யாழ்ப்பாணம். நான்குக்குக் கிளம்பியவர்கள் மாலை மூன்றுக்குள் அறையில் பை வைத்துவிடலாம். அன்றைய மிச்சப் பொழுதுக்குக் கோட்டை போதும். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் ஐங்கோணமாக விரித்துக் கட்டிய கோட்டை அது. மதிலில் ஏறினால் பண்ணைக் கடலேரியில் பொழுது சாய்வது தெரியும். அருகில்தான் 1981 இல் எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டப்பட்ட பொதுநூலகம். அது வாசகர்களின் இடம். பார்வையாளருக்கு ஒதுக்கிய நேரத்தை விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

கடலுக்கு ஒரு நாள்

குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நான்காகச் சொல்வது வழக்கம். இரண்டு முழு நாட்கள் கையில் இருந்தால் ஒன்றைத் தீவகத்துக்கும் மற்றதை வலிகாமம்–வடமராட்சிக்கும் கொடுக்கலாம். காலையில் தீவு, மாலையில் பருத்தித்துறை என்று ஒரே நாளில் கலந்தால் இரண்டும் அரைகுறையாகும். அவை எதிரெதிர்த் திசைகள்.

தீவக நாள் விடியலோடு தொடங்க வேண்டும். பண்ணைப் பாலத்தால் வேலணைக்குள் இறங்கி, கடலை ஊடறுக்கும் நீண்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய், குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய ஏறத்தாழ 35 கிலோமீற்றர். கார் அங்கேயே நிற்கும். அங்கிருந்து இரண்டு திசை.

நயினாதீவுக்குப் படகில் கால் மணித்தியாலம் அளவே. படகுகளும் அடிக்கடி உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் ஒரே படகில் நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள்.

நெடுந்தீவு வேறு கணக்கு. படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நாளுக்குச் சில படகுகளே. காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்ப வேண்டும். தவறினால் இரவு தீவில்தான். புறப்படும் நேரத்தை முதல்நாளே தங்குமிடக்காரரிடமோ இறங்குதுறையிலோ கேட்டு உறுதிசெய்வது அவசியம். தீவில் இறங்கியதும் ஓட்டோவையோ சைக்கிளையோ வாடகைக்குப் பிடித்து, பவளக்கல் வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம், வெளியில் கட்டற்று மேயும் குதிரைகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். நிழல் குறைவு, கடைகள் குறைவு. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோக வேண்டும்.

சிறு பிள்ளைகளோ முதியவர்களோ கூட வந்தால் நயினாதீவே போதுமானது. திரும்பும் வழியில் வேலணைச் சாட்டிக் கடற்கரையில் குளிக்கலாம். சோளகம் கடுமையாக வீசும் நாட்களில் நெடுந்தீவை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரைக்கு ஒரு நாள்

அடுத்த நாள் நல்லூர்க் கோயிலில் தொடங்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம்; பூசைகள் குறித்த நிமிடத்தில் நடக்கும். காலைப் பூசை முடிந்ததும் வடக்கே சுன்னாகம் வழியாகக் கீரிமலை, ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு; மாற்றுடை எடுத்துப்போக வேண்டும். அருகில் நகுலேஸ்வரம். காங்கேசன்துறை, பலாலிப் பக்கத்தில் இன்னமும் இராணுவத்திடம் உள்ள காணிகள் உண்டு. அங்கே படம் எடுப்பதிலும் குறுக்கு வழி தேடுவதிலும் கவனம் தேவை.

கிழக்கே திரும்பினால் வல்வெட்டித்துறை, பிறகு பருத்தித்துறை. இலங்கையின் வடமுனை இங்கேதான். பருத்தித்துறைத் தட்டை வடையைக் கடையில் சுடும்போதே வாங்கிக்கொண்டு, வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கும் அதற்கப்பால் மணற்காட்டுக்கும் போகலாம். மணற்காட்டில் மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயச் சுவர்கள் நிற்கின்றன. மாலை வெயிலில் பார்க்க வேண்டிய இடம். அங்கே கார்ச் சில்லு மணலில் இறங்காமல் வீதியிலேயே நிறுத்த வேண்டும். திரும்பும்போது புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்டது.

சாப்பாடும் தங்குமிடமும்

நகரத்திலோ நல்லூரிலோ ஒரே இடத்தில் மூன்று இரவும் தங்குவது நல்லது. குடாநாட்டின் எந்த மூலையும் ஒரு மணித்தியாலச் சொச்சத்துக்குள் வந்துவிடும். வீட்டோடு சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. அறை பிடிக்கும்போது காருக்கு உள்வளவில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும், ஒழுங்கைகள் ஒடுக்கமானவை.

நண்டுக் கறி, கணவாய், ஒடியற் கூழ் ஆகியவற்றுக்கு முதல்நாளே சொல்லி வைத்தால் வீட்டுக்காரர் சமைத்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறிதான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் 25 நாளும் அப்படியே இருக்கும் வீடுகள் பல. மீனும் நண்டும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் கிழமை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கி வருவதற்குப் பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, யாழ்ப்பாணத்துக் கறித்தூள், நல்லெண்ணெய், தோலகட்டி நெல்லிரசம். காலத்தைப் பொறுத்து மாம்பழமும் முந்திரிகையும். திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையிலேயே போக வேண்டும். மாம்பழத்தைக் காயாகவே வாங்கிப் பெட்டியில் வைக்கோலோடு வைத்தால் கொழும்பு வந்து பழுக்கும்.

திரும்பும் வழி

நேரே ஏ9 வழியாகத் திரும்புகிறவர்கள் காலை ஏழுக்குள் கிளம்பினால் நண்பகலளவில் அநுராதபுரம், மாலை நாலு ஐந்துக்குக் கொழும்பு. யானைப் பகுதிகளை உச்சிவெயிலில் கடந்துவிடலாம். ஞாயிறு மாலை கொழும்புக்குள் நுழைவது கடினம். முடிந்தால் திரும்பும் நாளைக் கிழமை நாளாக வைப்பது நல்லது.

வந்த வழியே போக மனமில்லாதவர்களுக்கு ஏ32 உண்டு. நாவற்குழியிலிருந்து பிரிந்து, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் கடலேரியைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம் வழியாக மன்னார்ப் பக்கம் இறங்கும் வீதி அது. ஆளரவம் குறைந்த, ஒருபுறம் கடல் அணைந்த பாதை. மன்னாருக்கு முன்னால் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஜனவரி, பெப்ரவரியில் வங்காலைச் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். பிறகு மடுச் சந்தி வழியாக மதவாச்சியில் ஏ9 இல் சேரலாம். இவ்வழியில் நிற்கும் நேரம் கூடும் என்பதால் ஆறு மணிக்கே புறப்பட்டு, பிற்பகல் இரண்டுக்குள் மதவாச்சியைத் தாண்ட வேண்டும். முடியாவிட்டால் அநுராதபுரத்தில் இரவு தங்கிவிட வேண்டும்.

மூன்றே நாட்கள்தான் கிடைக்கும் என்றால் நெடுந்தீவை விட வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரே நாள். அந்த ஒரு நாளில் காலை நயினாதீவு, பிற்பகல் நகரம், மாலைப் பூசைக்கு நல்லூர் என்று வைத்தால் அவசரமின்றி முடியும். இரண்டே நாட்கள் என்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு, 2014 இலிருந்து மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடும் ரயிலில் போவதே மேல்.